நான் அடைத்த கடனும் அயலவருக்கு இரத்தாகும் கடனும்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு வாசகர், ஐக்கிய அமெரிக்காவில் மாணவர் கடனை இரத்துச் செய்யப்போவதாகச் சொன்னார்களே, அது என்னவாயிற்று என்று கேட்டிருந்தார். உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது என்று நான்கு வரியில் பதில் எழுதி, தடுக்கப்பட்டதில் எனக்கு வருத்தமே என்று ஒரு வசனத்தையும் சேர்த்துவிட்டேன். பதிலைப் பற்றி எவரும் எழுதவில்லை. அந்தக் கடைசி வசனத்தைப் பற்றித்தான் மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் கடிதங்கள் வந்து குவிந்தன. பாதிக்கு மேற்பட்டவை கோபக் கடிதங்கள். ஆகவே இம்முறை பக்கம் முழுவதும் அந்த விடயத்துக்கே.

கேள்வி: அமெரிக்காவில் பல்கலைக்கழகப் படிப்பு இலவசம் இல்லையா? அங்குள்ளவர்கள் எவ்வளவு கடன் பட்டிருக்கிறார்கள், அதை இரத்துச் செய்ய முயன்றவர் யார் என்பதை எங்களுக்கு விளங்கும்படி எழுதுங்கள் ஐயா.
– உயர்தர வகுப்பு மாணவி, திருக்கோவில்

பதில்: இல்லை மகள். அங்கே அரச பல்கலைக்கழகங்களும் கட்டணம் அறவிடுகின்றன. 1965 ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தின் பின்னர் மத்திய அரசின் உதவி விரிவடைந்தபோதிலும், காலப்போக்கில் கட்டணம் ஏறிய வேகத்துக்கு மானியம் ஏறவில்லை. இடைவெளியைக் கடன் நிரப்பியது. இன்று ஏறத்தாழ 4 கோடியே 30 இலட்சம் பேர் மத்திய அரசுக்கு மட்டும் 1.6 ட்ரில்லியன் டொலருக்கு மேல் செலுத்த வேண்டியிருக்கிறது. பங்கிட்டுப் பார்த்தால் ஆளுக்கு 37,000 டொலருக்கு மேல் வரும்.

கொவிட் பரவிய 2020 மார்ச்சில் தவணையும் வட்டியும் நிறுத்தி வைக்கப்பட்டன. 2022 ஓகஸ்டில் ஜனாதிபதி ஜோ பைடன், ஆண்டு வருமானம் 125,000 டொலருக்குக் குறைந்த தனியாட்களுக்கும் 250,000 டொலருக்குக் குறைந்த தம்பதியருக்கும் 10,000 டொலர் வரையிலான கடனை இரத்துச் செய்வதாக அறிவித்தார். வறிய குடும்பத்து மாணவருக்கு வழங்கப்படும் பெல் மானியத்தை முன்பு பெற்றிருந்தவர்களுக்கு அந்த எல்லை 20,000 டொலர். செலவு ஏறத்தாழ 400 பில்லியன் டொலர் என்று அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசின் வரவுசெலவு அலுவலகம் கணித்தது. ஆறு மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. 2023 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் திட்டத்தைச் செல்லாததாக்கியது. அவ்வாண்டு செப்டெம்பரில் வட்டியும் ஒக்டோபரில் தவணையும் மறுபடி தொடங்கின.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் நியாயம் பற்றிய பேச்சில் பலர் விட்டுவிடும் செய்தி இதுதான். அந்த நாட்டில் வியாபாரத்தில் நொடித்துப்போனவர் நீதிமன்றத்துக்குப் போய், வங்குரோத்துச் சட்டத்தின் கீழ் தமது கடன்களிலிருந்து விடுபடலாம். கடனட்டைக் கடனும் மருத்துவமனைக் கடனும் அவ்வாறே தீரும். மாணவர் கடனுக்கோ அந்தக் கதவு 1976 முதல் சிறிது சிறிதாகச் சாத்தப்பட்டது. இத்தனை ஆண்டு கடந்தால் விடுபடலாம் என்றிருந்த வழியும் 1998 இல் அடைபட்டது. இப்போது தமக்கு அளவுமீறிய இடர் உண்டு என்று நீதிபதி முன் நிரூபித்தால்தான் உண்டு. அப்படி நிரூபிப்பது இலகுவன்று.

கேள்வி: என் மகனுக்கு வெட்டுப்புள்ளி சிறிதால் தவறிப் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. இரண்டு ஏக்கர் வயலை விற்று, மகளின் வீட்டுக்கென்று வைத்திருந்த பணத்தையும் எடுத்து, மிகுதிக்கு வங்கியில் கடன் பட்டுத் தனியார் நிறுவனத்தில் பட்டப்படிப்புக்கு விட்டேன். ஏழு வருடம் ஒரு தவணையும் தவறாமல் கட்டி முடித்தேன். எங்கள் ஒழுங்கையில் இன்னொருவரும் அப்படிக் கடன் பட்டார், அவர் கட்டவில்லை. நாளைக்கு அரசாங்கம் அவருடைய கடனை இரத்துச் செய்தால், கட்டிய நான் மடையனா? இதில் உங்களுக்கு என்ன வருத்தம் வேண்டிக் கிடக்கிறது?
– ஓய்வுபெற்ற அரச ஊழியர், களுவாஞ்சிக்குடி

பதில்: நீங்கள் மடையர் அல்லர், ஐயா. சென்ற இதழின் அந்த வசனத்தை எழுதியபோது உங்களைப் போன்ற ஒருவரை நான் மனதில் வைத்திருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வேறு மாவட்டத்து வாசகர்களுக்காக ஒரு விளக்கம்: எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. மகள் பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே தகப்பன் அத்திவாரம் போடத் தொடங்கிவிடுவார். அந்தப் பணத்தில் கைவைப்பதென்றால், ஒரு பிள்ளையின் வாழ்வைப் பின்போட்டு மற்றப் பிள்ளையின் படிப்பை முன்வைப்பது. அப்படிக் கட்டிய ஒருவரிடம், ‘பிறருக்குக் கிடைப்பதைப் பார்த்துப் பொறாமைப்படாதீர்கள்’ என்று சொல்லிவிட்டுப் போவது மரியாதைக் குறைவு.

உங்கள் கேள்வியை அமெரிக்காவிலும் ஒரு தகப்பன் கேட்டார். 2020 ஜனவரியில், மாணவர் கடனை இரத்துச் செய்வதாக வாக்களித்து ஜனாதிபதித் தேர்தலுக்கான கட்சி வேட்பாளராக நிற்க முயன்றுகொண்டிருந்த செனற்றர் எலிசபெத் வொரன் அயோவா மாநிலத்தில் மக்களைச் சந்தித்தபோது, அந்தத் தகப்பன் முன்னே வந்து, ‘நான் சேமித்து என் மகளைக் கடனில்லாமல் படிப்பித்தேன், என் பணத்தைத் திருப்பித் தருவீர்களா?’ என்று கேட்டார். இல்லை என்றார் வொரன். ‘அப்படியானால் சேமிக்காதவருக்கு நீங்கள் கட்டுவீர்கள், சரியாக நடந்த நாங்கள் ஏமாந்து நிற்பதா?’ என்று அவர் கொதித்தார். இரத்தை ஆதரித்தவர்கள் அந்தத் தகப்பனுக்கு ஒழுங்கான பதில் சொல்ல முயலாததே அவர்களுடைய பெரிய பிழை என்று நான் நினைக்கிறேன்.

பதில் சொல்லப் பார்ப்போம். இந்த மனக்குறைக்குள் இரண்டு வேறு கேள்விகள் சேர்ந்து கிடக்கின்றன. அயலவரின் கடனை அடைக்க என் பணம் எடுக்கப்படுகிறதா என்பது ஒன்று. அதற்குக் கீழே சம்மாந்துறை வாசகரின் கேள்வியில் வருகிறேன். என் பணம் ஒரு சதமும் எடுக்கப்படாவிட்டாலும், நான் பட்ட பாடு வீண்பாடாகி விடுகிறதே என்பது மற்றையது.

இரண்டாவதை முதலில் எடுப்போம். அப்போதைய கல்வி அமைச்சர் சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 ஒக்டோபர் 1 முதல் இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய தவணைக்கு மனைவியின் காப்பை அடகு வைத்துப் பாடசாலைக் கட்டணம் கட்டிய தகப்பன்மார் மட்டக்களப்பிலும் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு ஒருவரும் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நாங்கள் கட்டினோமே, இனி வருகிறவனும் கட்டட்டும் என்று அவர்கள் நின்றிருந்தால், நீங்களும் நானும் எழுதப் படித்திருப்போமா என்பது சந்தேகம். எந்தச் சலுகைக்கும் ஒரு தொடக்க நாள் உண்டு. அந்த நாளுக்கு முதல் நாள் கட்டிய ஒருவரும் எப்போதும் இருப்பார். அவருக்கு நேர்ந்தது உண்மையான இழப்பு. ஆனால் அந்த இழப்பு அவர் கட்ட நேர்ந்த அன்றே நடந்து முடிந்துவிட்டது. அடுத்தவரும் கட்டினால் அது குறையப்போவதில்லை.

ஆயினும் இந்த ஒப்புவமையை நான் முழுவதாக நம்பியிருக்க முடியாது. அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. 1945 இல் கோடு ஒன்றுதான் போடப்பட்டது: முன்னால் நின்றவர்கள் கட்டினார்கள், பின்னால் வந்தவர்கள் எல்லோரும் கட்டாமல் படித்தார்கள். பைடனின் திட்டத்தில் கோடு இரண்டு. 2022 ஜூன் 30 வரை வழங்கப்பட்ட கடன்களுக்கே இரத்து என்று வரையறுக்கப்பட்டிருந்தது. அடுத்த வகுப்பில் சேர்ந்த பிள்ளை அதே கட்டணத்துக்கு, அதே வட்டிக்கு, அதே விண்ணப்பத்தில் கையொப்பமிட வேண்டியிருந்தது. கிணற்றுக்குள் விழுந்தவர்களை ஒரு முறை தூக்கிவிட்டுக் கிணற்றைத் திறந்தபடியே விட்டுப்போவது போன்ற திட்டம் அது. ஏற்கனவே கட்டியவருக்கு நேர்ந்த அநியாயத்தைவிட, பின்னர் சேர்ந்தவருக்கு நேரவிருந்த அநியாயம் பெரிது என்பதே என் எண்ணம். அந்தப் பிள்ளைகளுக்காக அயோவாவில் கொதிக்க ஒருவரும் இருக்கவில்லை.

கட்டாத உங்கள் அயலவர் பற்றி. கட்ட முடியாதவரையும் கட்ட மனமில்லாதவரையும் ஒரே சொல்லால் அழைப்பதால் வரும் குழப்பம் இது. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசு நிவாரணம் கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் இரண்டு மாவட்டங்களும் அவற்றுள் அடக்கம். தவணை தவறியவர்களுக்கே அது உரியதாயிற்று. பிள்ளையின் பால்மாவைக் குறைத்துக் கிழமைக் காசைக் கட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்கு ஒன்றுமில்லை. அந்த நிவாரணம் வேண்டியதுதான் என்று அன்றும் எழுதினேன், இன்றும் சொல்வேன். ஆனால் தவறியதையே தகுதியாக்கியது பிழை. அமெரிக்கத் திட்டத்தில் அந்தப் பிழை இல்லை. அங்கே ஒழுங்காகக் கட்டிக்கொண்டு மிச்சக் கடனோடு இருந்தவரும் தவறியவரும் ஒரேவிதமாகவே நடத்தப்பட்டிருப்பார்கள். தவிரவும், அங்கே தவறிவிட்டுச் சும்மா இருந்துவிட முடியாது. நீதிமன்றக் கட்டளையே இல்லாமல் சம்பளத்தில் 15 சதவீதம் வரை அரசால் பிடித்துக்கொள்ள முடியும்.

கட்டி முடித்தவருக்கும் ஏதேனும் செய்ய வழியுண்டா என்றால், உண்டு. இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலம் விவசாயிகளின் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தபோது, ஒழுங்காகக் கட்டிவந்தவர்களுக்கு 50,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை அறிவித்தது. தொகை சிறிது. ஆனால் ‘உங்களையும் கணக்கில் எடுத்தோம்’ என்ற அங்கீகாரம் அதில் இருக்கிறது. இங்கே அப்படியொரு இரத்து வருமாயின், அதில் ஒரு பங்கு உங்களைப் போன்றவர்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்று எழுத நான் தயங்க மாட்டேன்.

கேள்வி: வெயிலில் நின்று வயல் வெட்டுகிறவன் கட்டுகிற வரியில், குளிரறையில் இருந்து உழைக்கப்போகும் டொக்டரின் கடனையும் லோயரின் கடனையும் அடைப்பதா? இதற்குப் பெயர் நியாயமா?
– விவசாய அமைப்பொன்றின் செயலாளர், சம்மாந்துறை

பதில்: வந்த கடிதங்களில் மிகச் சிறியதும் மிகக் கூர்மையானதும் இது. அமெரிக்காவில் இரத்தை எதிர்த்தவர்களின் மிகப் பலமான வாதமும் இதுவே: பட்டம் பெற்றவர் பெறாதவரைவிட வாழ்நாள் முழுவதும் கூடுதலாக உழைக்கிறார்; பெறாதவரின் வரியில் பெற்றவரின் கடனை அடைப்பது கீழிருந்து மேலே தண்ணீர் இறைப்பது.

கடன் தொகையை மட்டும் பார்த்தால் அந்த வாதம் சரி. பெருந்தொகைக் கடன்கள் மருத்துவம், சட்டம் முதலான மேற்படிப்புப் படித்தவர்களிடமே இருக்கின்றன. ஆனால் கடன் கட்ட முடியாமல் மூழ்குகிறவர்கள் அவர்கள் அல்லர். ஓராண்டோ இரண்டாண்டோ படித்து, வீட்டு நிலைமையால் இடையில் நிறுத்தி, பட்டமும் இல்லாமல் சில ஆயிரம் டொலர் கடனோடு கடையிலும் களஞ்சியசாலையிலும் வேலை செய்பவர்களே அதிகம் தவறுகிறார்கள். உங்கள் வயல் வெட்டுகிறவரின் அமெரிக்க உறவினர் என்று அவர்களைச் சொல்லலாம். மேலும் வட்டியின் வேலையைப் பாருங்கள்: 30,000 டொலர் கடனுக்கு 6 சதவீத வட்டி என்றால் மாதத்துக்கு 150 டொலர் வட்டிக்கே போகும். வருமானத்துக்கேற்ற தவணையாக ஒருவர் மாதம் 100 டொலர் கட்டிவந்தால், கட்டக் கட்ட மீதி 50 டொலரும் ஏறிக்கொண்டு போகும். பத்து வருடத்தில் 12,000 டொலர் கட்டியும் அவருடைய கடன் குறைந்திருக்காது. வருமான எல்லை வைத்ததும், பெல் மானியம் பெற்றவருக்கு இரட்டிப்பு என்றதும், இவர்களை எட்டுவதற்காகத்தான். எல்லையை இன்னும் கீழே வைத்திருக்கலாம் என்பது என் கருத்து. 125,000 டொலர் உழைப்பவருக்கு அந்த உதவி அவசியமா என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை.

ஆட்களை ஏமாற்றிய கல்லூரிகளின் விடயம் வேறு. கொரிந்தியன் என்ற பெயரில் நடந்த இலாபநோக்குக் கல்லூரிச் சங்கிலி, படித்தால் வேலை நிச்சயம் என்று பொய்க் கணக்குக் காட்டிப் பிள்ளைகளைச் சேர்த்து 2015 இல் மூடப்பட்டது. அங்கே படித்த ஏறத்தாழ 560,000 பேரின் 5.8 பில்லியன் டொலர் கடனை 2022 ஜூனில் கல்வித் திணைக்களம் முழுதாக நீக்கியது. இதை நியாயமில்லை என்று சொல்ல எவருக்கும் வாய் வராது என்று நம்புகிறேன்.

இனி, செயலாளர் அவர்களே, கேள்வியை உங்கள் பக்கமே திருப்புவதற்கு அனுமதியுங்கள். 2022 இல், 2 ஹெக்டேயருக்குக் குறைவாக நெற்செய்கை பண்ணுவோர் வங்கிகளுக்குக் கட்ட வேண்டியிருந்த கடன் தள்ளுபடி செய்யப்பட்டது. உரமில்லாமல் விளைச்சல் விழுந்த காலம், செய்தது சரியே. கட்டுநாயக்கவில் தையல் இயந்திரத்தின் முன் நிற்கும் பெண்ணின் வரியிலும் அது கட்டப்பட்டது என்று அன்று உங்கள் அமைப்பில் ஒருவரும் எழுந்து சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதைவிடப் பெரிய விடயம் ஒன்றுண்டு. வயல் வெட்டுகிறவர் டொக்டரின் படிப்புக்குக் கட்டுவது அநியாயம் என்றால், அந்த அநியாயம் அமெரிக்காவைவிட இங்கேதான் முழுமையாக நடக்கிறது. அவர் வாங்கும் சவர்க்காரத்திலும் தொலைபேசி மீள்நிரப்பிலும் 2024 ஜனவரி முதல் 18 சதவீத வற் வரி இருக்கிறது. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பேராதனையிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் கட்டணமின்றிப் படிக்கும் பிள்ளைக்கு அதிலும் ஒரு பங்கு போகிறது. கடன் உண்டாகி, பின் இரத்தாகும் தொல்லை எங்களுக்கு இல்லை. நாங்கள் முற்கூட்டியே இரத்துச் செய்துவிட்டுத்தான் படிப்பிக்கிறோம். நானும் அப்படிப் படித்தவன். 1981 இல் தொடங்கப்பட்ட மகாபொலப் புலமைப்பரிசிலும் எனக்குக் கிடைத்தது. அந்த மாதாந்தக் காசில் நான் புத்தகம் மட்டும் வாங்கவில்லை, படமும் பார்த்தேன். அதற்கு வரி கட்டிய வயற்காரரிடம் நான் இன்றுவரை கணக்குக் காட்டியதில்லை.

எங்கள் ஏற்பாட்டுக்கும் ஒரு கோடு உண்டு. அதுதான் உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றிலிருந்து கணிக்கப்படும் இசட் புள்ளி. அனுமதியில் 40 சதவீதம் நாடளாவிய திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகைக்கும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று பங்கிட்டிருக்கிறார்கள். மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. அப்படியிருந்தும், தகுதி பெற்றவர்களில் ஒரு பகுதியினருக்கே இடம் கிடைக்கிறது. ஒரே வகுப்பறையில் அருகருகே இருந்த இரண்டு பிள்ளைகளில், தசமப் புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் கூடியவர் ஒரு சதமும் கட்டாமல் பொறியியலாளர் ஆகிறார். குறைந்தவரின் தகப்பன் களுவாஞ்சிக்குடியில் வயல் விற்கிறார். அமெரிக்கர்கள் கடனைப் பற்றிச் சண்டையிடுகிறார்கள். எங்களுக்கு அந்தச் சண்டை இந்தக் கோட்டில் இருக்க வேண்டும், நாங்களோ அதை விதி என்று விட்டுவிட்டோம். 2017 முதல் அரசு வட்டியைப் பொறுப்பேற்கும் வட்டியில்லா மாணவர் கடன் வந்தது அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றவர்களுக்காகத்தான். இங்கே எப்போதாவது கல்விக் கடன் இரத்துப் பேச்சு எழுமானால், வயல் வெட்டுகிறவரின் பிள்ளை எந்தப் பக்கத்தில் நிற்கும் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். இலவச இடத்தைவிட அந்தக் கடன் வரிசையில் அது நிற்பதற்கே வாய்ப்பு அதிகம்.

கேள்வி: கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் தவணை கொடுக்க வேண்டும், விட்டுக்கொடுப்பது அதனினும் மேலானது என்று எங்கள் மார்க்கம் சொல்கிறது. ஓர் அரசாங்கம் அப்படி விட்டுக்கொடுத்தால் நீதிமன்றம் ஏன் குறுக்கே நிற்க வேண்டும்?
– வர்த்தகர், காத்தான்குடி

பதில்: நல்ல கேள்வி, அதன் விடையும் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் கடையில் ஒருவர் வைத்த பாக்கியை நீங்கள் விட்டுக்கொடுத்தால் அது உங்கள் பொருள், உங்களுக்கே அதன் நன்மை. உங்கள் கணக்கப்பிள்ளை உங்களைக் கேளாமல் விட்டுக்கொடுத்தால் அதை என்னவென்று சொல்வீர்கள்? அமெரிக்க வழக்கு ஏறத்தாழ இதுதான். திறைசேரிப் பணத்தின் மீது அதிகாரம் காங்கிரசுக்கு உரியது. பைடன் நிர்வாகம் 2003 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தைக் காட்டியது; போர் அல்லது தேசிய அவசரகாலத்தில் கடனாளிகள் பாதிக்கப்படாமலிருக்க, கடன் விதிகளைத் தளர்த்தவும் மாற்றவும் கல்விச் செயலாளருக்கு அது இடமளித்திருந்தது. மாற்றலாம் என்றால் சிறு திருத்தம் செய்யலாம் என்பதே பொருள், சட்டத்தையே புதிதாக எழுதலாம் என்பதன்று எனப் பிரதம நீதியரசர் ஜோன் ரொபேர்ட்ஸ் பெரும்பான்மைத் தீர்ப்பில் எழுதினார். அவசரகாலத்துக்கென்று சட்டமன்றம் அகலமாகக் கொடுத்த அதிகாரத்தை நீதிமன்றம் ஒடுக்கிவிட்டது என்று நீதியரசர் எலெனா கேகன் மாறுபட்டு எழுதினார். சட்டத்தின் சொற்களைப் பார்த்தால் எனக்குக் கேகன் சொல்வதே சரியாகத் தோன்றுகிறது. ஆனால் 400 பில்லியன் டொலரை ஒரு தனியாளின் கையொப்பத்தில் விட்டுக்கொடுப்பதைவிட மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்து விட்டுக்கொடுப்பது நல்லது என்பதிலும் எனக்கு ஐயமில்லை.

விட்டுக்கொடுத்த கடன் காற்றில் கரைந்துவிடுவதில்லை என்பதை இலங்கையர் நாங்கள் அனுபவத்தில் அறிவோம். 2022 ஏப்ரல் 12 அன்று நாடு தனது வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது. 2023 இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது, ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்த, அரசுக்குக் கடன் கொடுத்ததற்கான பத்திரங்களாகிய திறைசேரி முறிகளின் வட்டி குறைக்கப்பட்டது. வெட்டு விழுந்தது தொழிலாளியின் ஓய்வுகாலப் பணத்தில். அரச திறைசேரி முறிகளை வைத்திருந்த வங்கிகள் அதிலிருந்து தப்பின. ஆகவே, இரத்து நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கு முதல், அது யாருடைய கணக்கில் பதியப்படுகிறது என்று கேட்பது வர்த்தகரான உங்களுக்கு இயல்பாகவே வரும்.

கேள்வி: என் மகள் சிட்னியில் படித்து அங்கேயே வேலை செய்கிறாள். அங்கே அரசாங்கம் எல்லோருடைய படிப்புக் கடனிலும் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டதாம். அவள் அதற்கு முந்திய வருடம்தான் முழுவதும் கட்டி முடித்தாள். அமெரிக்காவில் முடியாதது அங்கே எப்படி முடிந்தது?
– தாயார், கல்லடி

பதில்: அவுஸ்திரேலியாவில் 2025 ஜூலையில் நாடாளுமன்றமே சட்டமியற்றியது; அதனால் நீதிமன்றத்துக்குப் போக எவருக்கும் வழியில்லை. ஏறத்தாழ 30 இலட்சம் பேரின் கடனில் 20 சதவீதம் குறைந்தது. மொத்தம் 16 பில்லியன் அவுஸ்திரேலிய டொலர். அங்குள்ள கடன்முறை 1989 முதல் நடப்பது: வருமானம் ஓர் எல்லையைத் தாண்டினால்தான் வரித் திணைக்களம் சம்பளத்தோடு சேர்த்து அறவிடும், தாண்டாதவரை எவரும் கதவைத் தட்டமாட்டார்கள். அந்த எல்லையையும் அதே சட்டம் 67,000 டொலராக உயர்த்தியது. கடனுக்கு வட்டி இல்லை, பணவீக்கத்துக்கேற்ப ஏற்றுவார்கள். 2023 இல் 7.1 சதவீதம் ஏறியபோது ஊரே கூச்சலிட்டது. அதன் பலனே இந்தக் குறைப்பு.

எனக்கு அதில் பிடிக்காத அம்சம் சதவீதம். 100,000 டொலர் கடன்பட்ட பல்வைத்தியருக்கு 20,000 குறைகிறது, 10,000 கடன்பட்ட பராமரிப்பாளருக்கு 2,000. அமெரிக்கத் திட்டத்தில் எல்லோருக்கும் ஒரே தொகை, வறியவருக்கு இரட்டிப்பு. நியாயத்தின் கணக்கில் அது மேல். மகளிடம் சொல்லுங்கள், வருத்தப்படுவதற்கு அவளுக்கு உரிமையுண்டு. ஒரு வருடம் சுணங்கியிருந்தால் மிச்சமிருந்ததில் ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கும். களுவாஞ்சிக்குடி ஐயாவுக்கு எழுதியதை அவளும் வாசிக்கலாம்.

கேள்வி: நான் வட்டியில்லா மாணவர் கடனில் படிப்பை முடித்துவிட்டேன். சலுகைக் காலம் முடிகிறது. நாடே கடனைக் கட்டவில்லை. எங்களுடையதையும் ஒரு நாள் இரத்துச் செய்வார்கள், பொறுத்திருப்போம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பொறுக்கலாமா?
– பட்டதாரி, ஆரையம்பதி

பதில்: வேண்டாம் தம்பி. அமெரிக்காவில் 2022 இல் விண்ணப்பம் அனுப்பிய பலருக்கு, உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று கடிதமே வந்தது. வீடு வாங்கலாம், திருமணம் முடிக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். 2023 ஜூன் தீர்ப்போடு அந்தக் கடிதம் வெறும் தாளாயிற்று. அடுத்து, வருமானத்துக்கேற்பத் தவணையைக் குறைக்கும் புதிய திட்டமொன்று 2023 இல் வந்தது. 2024 இல் நீதிமன்றங்கள் அதையும் நிறுத்தின. 2025 ஜூலைச் சட்டம் அதை முடித்துவைக்கும்படி எழுதிவிட்டது. ஒழுங்காக நடந்தது பழைய திட்டமொன்றுதான்: 2007 முதல் உள்ள ஏற்பாட்டின்படி, அரச சேவையிலோ பொதுநலச் சேவையிலோ இருந்துகொண்டு 120 மாதத் தவணை கட்டியவருக்கு மிச்சம் நீங்கும். அதிலும் தொடக்க ஆண்டுகளில் விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டார்கள்.

நாட்டின் கடனை உதாரணமாக எடுக்காதீர்கள். நாடு கட்டாமல் விட்டபோது பேச்சுவார்த்தைக்கு ஆட்கள் கொழும்புக்கு விமானம் ஏறி வந்தார்கள்; நீங்கள் கட்டாமல் விட்டால் வங்கியிலிருந்து கடிதம் வரும், உங்கள் பெயர் கடன் தகவல் பணியகத்தில் ஏறும், நாளைக்கு ஒரு மோட்டார் சைக்கிளுக்கும் குத்தகை கிடைக்காது. உங்களுக்காக யாரேனும் கையொப்பமிட்டிருந்தால் அவர் வீட்டுக்கும் அந்தக் கடிதம் போகும். வேலை இன்னும் கிடைக்காவிட்டால், முதல் தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக் கிளைக்கு நேரில் போய், தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்ட முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். அவர்கள் தரும் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். கட்டணப் பற்றுச்சீட்டுகளை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். இரத்து வந்தால், கட்டியவருக்கும் ஒரு பங்கு என்று நான் மேலே எழுதியிருக்கிறேனே, அதைக் கேட்கப் போகும்போது அந்தக் கோப்புத் தேவைப்படும்.